சரஸ்வதி முன் வைத்த மூடி

எங்கள் வீட்டுக் கதவில் ஒரு சங்கிலி இருந்தது. மாலையில் கணவர் வேலைக்குப் போனதும் அதைக் கொளுவி விடுவது மகளின் பொறுப்பு. எட்டாது என்பதால் வாசலில் காலணிகள் வைக்கும் மரச் சப்பாத்துப் பெட்டியின் மேல் ஏறி நின்று கொளுவுவாள். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. லண்டனில், கோலியர்ஸ் வுட்டில் ஒரு வீட்டின் மேல்மாடியை வாடகைக்கு எடுத்து நாங்கள் மூவரும் இருந்தோம். இருந்தோம் என்று சொல்வது கொஞ்சம் மிகைதான். மூவரும் ஒரே நேரத்தில் அந்த வீட்டுக்குள் விழித்திருந்த பொழுதுகள் மிகக் குறைவு.

அவருக்கு நோர்பரியில் ஒரு பெற்றோல் நிலையத்தில் இரவு ஷிப்ட். மாலை ஏழு மணிக்குத் தொடங்கினால் காலை வரை. எனக்கு நகரத்துக்குள் ஒரு கப்பல் காப்புறுதி நிறுவனத்தின் கணினி அறையில் பகல் வேலை. காலையில் அவர் வாசலில் கால் வைக்க நான் கால் எடுப்பேன். மாலையில் நான் வர அவர் போவார். பிள்ளையைப் பள்ளிக்குக் கொண்டுபோவதும், கூட்டி வருவதும், இடையில் நித்திரை கொள்வதும் அவர் பாடு. "கறி அடுப்பிலை. அவள் பால் குடிக்கேல்லை. போட்டு வாறன்." இவ்வளவுதான் ஒரு நாளைக்கு எங்கள் பேச்சு. கல்யாணம் கட்டியவர்கள் வீட்டுக்குள் குடும்பம் நடத்துவார்கள். நாங்கள் வாசற்படியில் நடத்தினோம்.

சனி இரவு மட்டும் அவருக்கு ஓய்வு. அந்த இரவை அவர் நித்திரைக்கே கொடுத்துவிடுவார். பக்கத்தில் படுத்திருக்கிற மனிதனோடு கதைக்க வேண்டும் என்று வாரம் முழுக்கச் சேர்த்து வைத்ததெல்லாம் அப்படியே அடுத்த வாரத்துக்குப் போகும். எழுப்ப மனம் வராது. எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்பது ஊரறிந்த விஷயம். ஆனால் நித்திரை கொள்ளுகிற அந்த முகத்தைப் பார்த்து ஒருநாளும் எனக்குக் கோபம் வந்ததில்லை.

நான் வேலை செய்த கணினி அறையில் அலுமாரி அலுமாரியாக ஒரு பெரிய இயந்திரம் நின்றது. அதற்கு நாடா மாற்றுவது, தாள் போடுவது, அது முனகினால் காது கொடுத்துக் கேட்பது எல்லாம் என் வேலை. எண்பதுகளின் கடைசியில் இந்த நாட்டுக்கு வந்து, கவுன்சில் நடத்திய மாலை வகுப்பில் படித்து, தட்டுத் தடுமாறிப் பிடித்த வேலை அது. ஒருநாள் மனேஜர் எங்களையெல்லாம் கூப்பிட்டு, இயந்திரம் போகப்போகிறது என்றார். இனி ஒவ்வொரு மேசையிலும் சின்னக் கணினி. அவற்றையெல்லாம் கம்பியால் ஒன்றோடொன்று பேச வைப்பார்கள். அந்தக் கம்பியைப் பார்த்துக்கொள்ள ஆட்கள் வேண்டும். விருப்பமுள்ளவர்களுக்கு நிறுவனம் பயிற்சி தரும், முடிவில் ஒரு சோதனை. பாஸ் பண்ணினால் நெட்வொர்க் பிரிவில் வேலை, சம்பளமும் கூடும். இல்லாவிட்டால் ஒரு கைகுலுக்கலோடு வீட்டுக்குப் போகலாம்.

அதைக் கேட்டதும் என் மனதில் ஓடியது ஒன்றே ஒன்றுதான். எனக்கு அந்தச் சம்பளம் கிடைத்தால் அவர் இரவு வேலையை விடலாம். குறைந்த சம்பளத்துக்கென்றாலும் ஒரு பகல் வேலை தேடலாம். கிடைக்காவிட்டால் அவர் இன்னொரு பெற்றோல் நிலையத்தில் சனி இரவையும் எடுக்க வேண்டி வரும். பிறகு வாசற்படி மட்டும்தான்.

வகுப்பில் ஐந்து ஆண்கள், நான் ஒருத்தி. படிப்பித்தவர் ஒரு ஸ்கொட்லாந்துக்காரர். அவருடைய ஆங்கிலம் விளங்க எனக்கு ஒரு வாரம் எடுத்தது. என்னுடையது விளங்க அவருக்கும் அவ்வளவுதான் எடுத்திருக்கும். முதல் நாளே பலகையில் ஏழு அடுக்கு வரைந்து, ஒரு செய்தி இந்த ஏழையும் தாண்டித்தான் போகும் என்றார். எனக்குத் தலை சுற்றியது. ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்குப் போக ஏழு மாடி ஏறி இறங்க வேண்டுமா? ஆண்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். விளங்காமல் தலையாட்டுவதில் ஆண்களுக்கு நாடு மொழி வித்தியாசம் இல்லை என்று அன்று தெரிந்துகொண்டேன்.

விளங்க வைத்தது வேறொன்று. செய்தியைத் துண்டு துண்டாக்கி, ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு அனுப்புவார்கள், கிடைத்தது என்று மறுபக்கம் சொல்லாவிட்டால் திரும்ப அனுப்புவார்கள் என்று அவர் சொன்னபோது நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். யாழ்ப்பாணத்துக்குக் கடிதம் எழுதுகிற எங்களில் யாருக்கு இது தெரியாது? போரால் பாதை பூட்டியிருந்த காலம். எந்தக் கடிதம் போய்ச் சேரும், எது வழியில் நிற்கும் என்று தெரியாது. அதனால் அம்மாவுக்கு எழுதும் ஒவ்வொரு கடிதத்தின் மூலையிலும் நான் எண் போடுவேன். "உன் பதினொன்று கிடைத்தது, பத்து வரவில்லை" என்று அம்மா எழுதுவா. பத்தில் இருந்த சேதியை மறுபடி எழுதி அனுப்புவேன். என்ன சிரிப்பு என்று ஸ்கொட்லாந்துக்காரர் கேட்டார். சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. சோக்கட்டியைக் கீழே வைத்துவிட்டு, உன் அம்மா எப்படி இருக்கிறா என்று கேட்டார். அன்றிலிருந்து எனக்கு அவருடைய ஆங்கிலம் முழுக்க விளங்கியது.

படித்தால் மட்டும் போதாது, கையால் செய்து பார்க்க வேண்டும். பயிற்சி அறையில் கழித்துவிட்ட இரண்டு கணினிகளைக் கொண்டுபோக மனேஜர் அனுமதி தந்தார். எங்களிடம் கார் இல்லை. கணவர் மகளின் பழைய தள்ளுவண்டியை எடுத்துக்கொண்டு வந்து, ஒவ்வொரு சனியும் ஒன்றாக, போர்வை சுற்றி, பெல்ட் போட்டு, நிலத்தடி ரயிலில் ஏற்றிக் கொண்டுவந்தார். எங்கள் தெருவில் ஒரு வெள்ளைக்காரக் கிழவி ஆசையோடு குனிந்து பிள்ளையைப் பார்க்க, உள்ளே கணினி படுத்திருந்தது. "நித்திரை" என்று அவர் மெதுவாகச் சொல்லிவிட்டு வந்தாராம்.

ஒரு கணினியைப் படுக்கையறையில் வைத்தேன். மற்றதை முன்னறையில், சாமித்தட்டு இருந்த அலுமாரிக்குப் பக்கத்தில் வைத்தேன். இரண்டையும் இணைத்து ஒரு மெல்லிய கறுப்புக் கம்பி. அந்தக் காலத்துக் கம்பிக்கு ஒரு குணம் உண்டு. ஒவ்வொரு கணினியின் முதுகிலும் மூன்று வாய் உள்ள ஒரு துண்டு இருக்கும். ஒரு வாய் கணினிக்கு, மற்ற இரண்டும் வருகிற கம்பிக்கும் போகிற கம்பிக்கும். வரிசையின் இரண்டு முனையிலும் ஒவ்வொரு வாய் மிஞ்சும். அந்த மிஞ்சின வாயில் விரல் நுனியளவு உலோக மூடி ஒன்றைப் பூட்ட வேண்டும். கம்பியில் ஓடி வரும் செய்தி முனையில் முட்டித் திரும்பி வந்து மற்றச் செய்திகளோடு மோதாமல், அதை அங்கேயே விழுங்கிவிடுவதுதான் மூடியின் வேலை. பார்த்தால் ஒன்றோடும் தொடர்பில்லாமல் சும்மா தொங்குவது போலத்தான் இருக்கும்.

சோதனைக்குக் குறித்த நாள் விஜயதசமி. அதற்கு முதல் நாள், ஞாயிறு, சரஸ்வதி பூசை. அன்றைக்குப் புத்தகங்களைச் சாமித்தட்டில் வைத்துவிட்டால் மறுநாள் காலை வரை தொடக்கூடாது. என் கணவர் லூயிஷாம் சிவன் கோயிலுக்கு வெள்ளி தவறாமல் போகிறவர், வேலை முடிந்து நித்திரை இல்லாத கண்ணோடு. இந்த விஷயத்தில் அவரை அசைக்க ஏலாது.

"நாளைக்கு எனக்குச் சோதனை. இண்டைக்குப் புத்தகத்தைத் தூக்கி உள்ளுக்கை வைக்கச் சொல்லுறீங்களே, இது நியாயமோ?" என்றேன்.

"சோதனை எண்டபடியாத்தானே வைக்கச் சொல்லுறன்."

"சரஸ்வதிக்கு நெட்வொர்க் தெரியுமோ?"

"தெரியாட்டி இண்டைக்கு இரவு வாசிச்சுப் பாப்பா" என்றார், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல்.

கடைசியில் ஒரு சமாதானத்துக்கு வந்தோம். புத்தகம் சாமிக்கு, கணினி எனக்கு. வாசிக்காமல் கையால் மட்டும் பழகுவேன். அவர் சரி என்று, வாழைப்பழமும் கடலையும் வாங்கிவர என்னையும் மகளையும் டூட்டிங் கடைகளுக்கு அனுப்பினார். நாங்கள் திரும்பி வந்தபோது தட்டில் எல்லாம் அடுக்கியிருந்தது. என் தடித்த புத்தகங்கள், அதற்கு மேல் மகளின் பென்சில் பெட்டி, அதன் மேலே குவியலாகப் பூ. தேவாரம் பாடினார். நான் கண்ணை மூடிக்கொண்டு நின்றேன், பாதிக் கும்பிடு, பாதிக் கோபம்.

சாப்பிட்டுவிட்டு அவர் இரவு வேலைக்காகப் படுத்தார். நான் கணினிகளைப் போட்டேன். இரண்டும் பேசவில்லை.

காலையில் பேசியவைதான். ஒன்றை நிறுத்திப் போட்டேன், மற்றதை நிறுத்திப் போட்டேன். கணினிக்குள் இருந்த அட்டையைக் கழற்றி மாற்றினேன். எண்களையெல்லாம் அழித்துத் திரும்பக் கொடுத்தேன். படுக்கையறைப் பக்கம் மூடி இருந்தது, பார்த்தேன். முன்னறை முனை அலுமாரிக்குப் பின்னால், சுவரோடு ஒட்டிக் கிடந்தது. அதை எட்டிப் பார்க்கவில்லை. நானே பூட்டிய மூடி, எங்கே போய்விடும் என்ற நம்பிக்கை. புத்தகத்தைப் பார்க்கலாம் என்றால் அதன் மேல் சரஸ்வதி இருக்கிறா. பின்னேரம் முழுதும் போய்விட்டது. வெளியே இருட்டத் தொடங்கியது. இந்த இரண்டு பழைய பெட்டிகளையே பேச வைக்க முடியாதவளுக்கு நாளைக்கு என்ன சோதனை என்று எனக்குள் ஏதோ உடையத் தொடங்கியது.

அவர் எழும்பி, தேத்தண்ணி ஊற்றி, எனக்கும் ஒரு கோப்பை கொண்டுவந்தார். "என்ன தேடுறீர்?"

"வேலை செய்யேல்லை."

"காலமை செய்ததுதானே."

"காலமை செய்தது. இப்ப செய்யேல்லை. அதைத்தானே தேடுறன்."

அவர் ஒரு வாய் குடித்தார். அலுமாரிப் பக்கம் பார்த்தார். பிறகு மெதுவாக, "இஞ்சேரும், நான் ஒண்டு எடுத்தனான். அதாலை இருக்காது எண்டு நினைக்கிறன்" என்றார்.

"என்னத்தை எடுத்தனீங்கள்?"

"அந்தச் சின்ன மூடி. புத்தகத்தோடை நீர் வேலை செய்யிற சாமானிலையும் ஒண்டு வைக்கவேணும். கொம்பியூட்டரைத் தூக்கி வைச்சா உமக்குக் கரைச்சல். இது ஒண்டோடையும் பூட்டாமல் சும்மாதானே கிடந்தது. அதுதான் உமக்குத் தேவையில்லாததாப் பாத்து எடுத்தனான்."

வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தது போல, சாமித்தட்டில் இருந்த சாமானுக்காக நான் அரைநாள் அட்டையைக் கழற்றிக்கொண்டிருந்திருக்கிறேன். என்ன சொல்லிக் கத்தினேன் என்று இப்போது நினைவில்லை. மகள் கட்டிலுக்குப் பின்னால் போய் இருந்தாள் என்பது நினைவிருக்கிறது.

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். முகம் கழுவி, திருநீறு பூசி, சாமித்தட்டின் முன்னால் நின்றார். வைத்ததை எடுக்கக்கூடாது என்று காலையில் ஒற்றைக்காலில் நின்ற அதே மனிதர். "அம்மா, குறை நினைக்காதை. இவவுக்கு நாளைக்குச் சோதனை" என்று சொல்லிவிட்டு, பூவை விலக்கி அந்த மூடியை எடுத்து என் கையில் தந்தார். அவருடைய சாமியிடம் எனக்காக அவர் மன்னிப்புக் கேட்டது அந்தக் கோபத்துக்குள்ளும் எனக்கு உறைத்தது.

பூட்டினேன். அப்போதும் பேசவில்லை.

நான் நிலத்தில் இருந்து அழுதுவிட்டேன். அவர் ஜக்கெற் போட்டு, சாப்பாட்டுப் பெட்டியும் கையுமாக வாசலில் நின்றார். மகள் வழக்கம்போலச் சப்பாத்துப் பெட்டியில் ஏறிச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நீங்கள் போங்கோ. பிந்தும்" என்றேன்.

"பிந்தட்டும்" என்று ஜக்கெற்றைக் கழற்றினார். அந்த வேலைக்கு அவர் ஒருநாளும் பிந்திப் போனதில்லை. மகளின் சின்ன டோர்ச்சை எடுத்துக்கொண்டு அலுமாரிக்குப் பின்னால் தவழ்ந்து போய், மூடியைக் கழற்றி, வெளிச்சத்தில் பிடித்து உள்ளே பார்த்தார். பிறகு, "உள்ளுக்கை சந்தனம்" என்றார்.

"என்ன?"

"பொட்டு வைச்சனான். வாயைத் திறந்துகொண்டு இருந்தது. வேறை எங்கை வைக்கிறது?"

மூடிக்குள் நடுவில் ஊசி போல ஒரு கூர் இருக்கும். அதுதான் கம்பியைத் தொடுகிற இடம். சந்தனம் அதைச் சுற்றிக் காய்ந்து கட்டியாகி இருந்தது. மூடி பூட்டித்தான் இருந்தது, ஆனால் தொடவில்லை. அவர் மகளுக்குக் காது துடைக்கும் பஞ்சுக்குச்சியை மருந்து ஸ்பிரிட்டில் தோய்த்து, அவளுடைய காதைத் துடைக்கிற அதே பக்குவத்தோடு, நாக்கைக் கடித்துக்கொண்டு துடைத்தார். நான் பக்கத்தில் இருந்து டோர்ச் பிடித்தேன். எங்கள் தோள்கள் முட்டிக்கொண்டிருந்தன. ஒரு வேலையை இரண்டு பேரும் சேர்ந்து செய்து எவ்வளவு காலம் என்று அப்போதுதான் நினைத்தேன்.

பூட்டினோம். படுக்கையறையில் மகள் தட்டிய பூனை என்ற ஆங்கிலச் சொல் முன்னறைத் திரையில் வந்து நின்றது. அவர் அதைப் பார்த்துவிட்டு, ஜக்கெற்றை மாட்டிக்கொண்டு படியில் ஓடினார்.

மறுநாள் எழுத்துச் சோதனை ஒருவாறு போனது. பிறகு செய்முறை. ஒரு அறையில் வரிசையாகக் கணினிகள், ஒன்றும் மற்றதோடு பேசவில்லை. ஸ்கொட்லாந்துக்காரர் எங்கேயோ ஒரு பிழையை ஒளித்து வைத்திருந்தார். ஒவ்வொருவராகப் போய்க் கண்டுபிடிக்க வேண்டும். நான் கணினிக்குள் போகவில்லை. மேசைக்குக் கீழே குனிந்து நேராகக் கம்பியின் முனைக்குப் போனேன். மூடி இருந்தது. மற்ற முனைக்குப் போனேன். அங்கேயும் இருந்தது. எழும்பிவிட்டேன். பிறகு திரும்பக் குனிந்து ஒன்றைக் கழற்றி உள்ளே பார்த்தேன். சரி. மற்றதைக் கழற்றினேன். உள்ளே கூர் இல்லை. யாரோ குறட்டால் வெட்டி எடுத்திருந்தார்கள்.

வேறொரு மூடி கேட்டேன். ஸ்கொட்லாந்துக்காரர் காற்சட்டைப் பையிலிருந்து எடுத்துத் தந்தார். பூட்டினதும் எல்லாம் பேசத் தொடங்கின.

"மூடிதான் இருந்ததே, ஏன் கழற்றினாய்?" என்று கேட்டார். மற்றவர்களெல்லாம் மூடி இருக்கிறது என்று கண்டதும் வேறு இடம் போய்விட்டார்களாம்.

சந்தனத்தை ஆங்கிலத்தில் எப்படி விளக்குவது? "எங்கள் வீட்டில் ஒருமுறை உள்ளே அழுக்கு இருந்தது" என்றேன். சந்தனத்தை அழுக்கு என்று சொன்னதற்கு அன்று மாலை சாமித்தட்டின் முன்னால் தனியாக ஒரு கும்பிடு போட்டேன்.

முடிவு வெள்ளிக்கிழமை சொன்னார்கள். மனேஜர் கைகுலுக்கினார். வீட்டுக்குப் போவதற்கான கைகுலுக்கல் இல்லை அது. உடனே போன் பண்ண வேண்டும் போல இருந்தது. ஆனால் அது கணவர் நித்திரை கொள்ளும் நேரம், போனைத் துவாயால் சுற்றி அலுமாரிக்குள் வைத்துவிட்டுத்தான் படுப்பார். பின்னேரம் வரை அந்தச் சேதியை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு வேலை செய்தேன். வாசலில் அவர் ஜக்கெற்றோடு நின்றார்.

"பாஸ்" என்றேன்.

"பாஸோ?"

"ஓம். இரவு வேலையை விடுங்கோ."

அவர் தலையை ஆட்டினார். மகளின் தலையைத் தடவினார். "கறி அடுப்பிலை" என்று தொடங்கியவர் முடிக்காமல் இறங்கிப் போனார். ஜன்னலால் பார்த்தேன். இத்தனை வருஷம் போய் வந்த மனிதர் பஸ் தரிப்பிடத்துக்கு எதிர்ப்பக்கமாக நடந்து, கொஞ்ச தூரம் போன பிறகு நின்று, திரும்பி வந்தார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

குளிர் தொடங்கும்போது அவருக்கு ஒரு மரக்கறி மொத்தக் கடையில் பகல் வேலை கிடைத்தது. அந்த முதல் திங்கள் நான் வேலையால் வர, அவர் கதவைத் திறந்தார். ஜக்கெற் இல்லை. இடுப்பில் வீட்டுச் சாரம் கட்டியபடி நின்றார். மூவரும் ஒரு மேசையில் இருந்து சாப்பிட்டோம். என்ன கதைப்பது என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. "உப்பு காணுமோ, இன்னும் போடவோ?" என்று அவர் கேட்டார். "காணும்" என்றேன். பிறகும் கொஞ்ச நேரம் கழித்து அதையே கேட்டார்.

மகள் சாப்பிட்டு முடித்துக் கை கழுவினாள். நேரே போய்ச் சப்பாத்துப் பெட்டியில் ஏறிச் சங்கிலியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அப்பா, கெதியா வாங்கோ. பஸ் போயிடும்."

"அப்பா இண்டைக்குப் போகேல்லை" என்றார் அவர்.

அவள் யோசித்தாள். "அப்ப ஆர் வெளியிலை?"

"ஒருத்தரும் இல்லை" என்றேன். "எல்லாரும் உள்ளுக்கைதான்."

அவள் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு சங்கிலியைக் கொளுவிவிட்டு இறங்கினாள்.